வீட்டுக்காரர்

வாடகை வீட்டில் எப்படி வேண்டுமானாலும் வாழ்ந்துவிடலாம், சாகத்தான் கூடாது. ஆம்பூரில் இருபது வருஷம் வாடகைக்குக் குடியிருந்த தனகோடிக்கு இது மாமனார் செத்த அன்றுதான் தெரிந்தது. அதுவரைக்கும் வாடகை வீட்டுத் தொல்லை என்றால் தண்ணீர் மோட்டார், சுவரில் ஆணி, விருந்தாளி வந்தால் ஒரு முறைப்பு, இவ்வளவுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் ஆஸ்பத்திரியில்தான் கண்ணை மூடினார். உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தால், வீட்டுக்காரர் சாமிநாதன் கேட்டுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

"உயிரோட இருக்கறவங்களுக்குத்தாம்மா நான் வூடு வுட்டேன்," என்றார். "பொணத்த உள்ள வச்சா அப்பறம் இந்த வூட்டுக்கு எவன் குடி வருவான்? நீயே சொல்லு."

கிழவர் தெருமுனையில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தார். ஐப்பசி மழை கொட்டியது. அழ வந்த பெண்கள் குடை பிடித்துக்கொண்டு அழுதார்கள். குடை பிடித்த கையால் மாரில் அடித்துக்கொள்ள முடியாது, அதனால் கிழவருக்குப் பாதி ஒப்பாரிதான் கிடைத்தது. தார்ப்பாயில் சேர்ந்த தண்ணீரை ஒருவன் கம்பால் குத்திவிட, அது நேராக அவர் முகத்திலேயே விழுந்தது. தனகோடியின் புருஷன் பஞ்சாட்சரம் அப்பனின் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்:

"நான் செத்தா என் வூட்டு ஹால்லதான் கெடப்பேன். எவன் கேட்டுலயும் நிக்க மாட்டேன்."

சுடுகாட்டுக்குப் போகிற வழியில் எல்லாரும் இப்படி ஏதாவது சொல்வதுதான். திரும்பி வந்து குளித்தால் மறந்துவிடும். பஞ்சாட்சரம் குளித்த பிறகும் மறக்கவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

அவன் தோல் பதனிடுகிற டேனரியில் ஈரத்தோல் சுமக்கிறவன். தோல் சுமக்கிறவனுக்கு எவன் சம்பளச் சீட்டு கொடுப்பான்? சீட்டு இல்லாதவனுக்கு எந்தக் கம்பெனியும் கடன் கொடுக்காது. தனகோடி ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற லைனில் இருந்தாள், அவளுக்குச் சீட்டும் உண்டு, பி.எஃப்பும் உண்டு. பொம்பளை பேரில் எடுத்தால் வட்டியும் கம்மி என்றார்கள். ஆகவே மின்னூர் பக்கம் வாங்கிய மனை, மனையில் எழும்பிய வீடு, வீட்டின் மேல் ஏறிய கடன், மூன்றும் அவள் பேரில் வந்தன. இங்கிலீஷில் அச்சடித்த கத்தையில் கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கடைசிப் பக்கம் வருவதற்குள் அவளுக்கே தன் பேர் மறந்துபோனது. பஞ்சாட்சரத்துக்கு அதிலெல்லாம் ரோஷம் கிடையாது. "ஒம்பேர்ல இருந்தா இன்னா, எம்பேர்ல இருந்தா இன்னா," என்றான். ஆனாலும் வாசலில் கிரானைட் கல் பதித்தபோது, 'பஞ்சாட்சரம் இல்லம்' என்று பொன்னெழுத்தில் வெட்டச் சொன்னான். கொத்தனாரும் சரியென்று வெட்டினான். யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

பால் காய்ச்சி முடிந்த மறுநாள் தனகோடி கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது ராணி மாதிரிதான் ஏறினாள். லைன் சூப்பர்வைசர் சதீஷ்குமார் அவளுக்காகவே காத்திருந்தான். அவள் மகன் வயதிருக்கும் அவனுக்கு.

"இன்னாக்கா, புது வூடா? கங்கிராட்ஸ்," என்றான். "லோனுக்கு ஆபீஸ்ல சாலரி சர்ட்டிபிகேட் வாங்கினு போனீங்களே, அன்னிக்கே நான் நெனச்சேன். இனிமே நீங்க எங்கியும் போக மாட்டீங்கன்னு."

அன்றிலிருந்து அவளுக்குக் கனத்த தோல் வந்தது. ஊசி உடைகிற வேலை, கண் போகிற வேலை, கடைசி நேரத்தில் வருகிற அவசர வேலை, எல்லாம் அவள் மிஷினுக்கு. லைன் முழுவதற்கும் பாத்ரூம் போக ஒரே ஒரு சிவப்பு அட்டைதான், கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அது மற்றவர்கள் கழுத்தையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் இவளிடம் வரும். அதனால் தனகோடி காலையில் தண்ணீர் குடிப்பதை விட்டாள். பக்கத்து மிஷின் குர்ஷித், ஆம்பூரில் மூன்றாவது வாடகை வீட்டில் இருப்பவள், வாய்க்கு வந்தபடி சதீஷ்குமாரைக் கேட்பாள். அவளை அவன் ஒன்றும் செய்ய முடியாது, அவள் நாளைக்கே போய்விடுவாள். ஒருநாள் போயும்விட்டாள்.

"வாணியம்பாடில இதவிட ஜாஸ்தி குடுக்குறான், வா தனகோடி," என்று கையைப் பிடித்து இழுத்தாள். "உனுக்கு இன்னா பேஜாரு?"

"ஒரு மாசம் சம்பளம் தள்ளிப்போச்சின்னாக்கூட லோன்காரங்க வூட்டுச் சுவத்துல 'கடன் பாக்கி'ன்னு பெயிண்ட்டுல எழுதிட்டுப் போய்டுவாங்க குர்ஷித்."

"எழுதினா எழுதட்டுமே. உன் மூஞ்சில எழுதறத வுடவா?"

குர்ஷித் சொன்னது நியாயம். தனகோடிக்கு அன்றைக்கு அவள் மேல் வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. சொந்த வீடு இல்லாதவள் வாசற்படி தாண்டிப் போகிறாள், சொந்த வீட்டுக்காரி ஒரு அட்டைக்குக் காத்துக்கொண்டு காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த லட்சணத்தில்தான் பஞ்சாட்சரத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் போனது. வேலூர் ஆஸ்பத்திரியில் வாரம் இருமுறை டயாலிசிஸ். சர்க்காரில் இலவசம்தான், ஆனால் கூடப் போகிற ஆளுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? ஒருநாள் தனகோடி லீவு போடுவாள், ஒருநாள் மகன் சூரியபிரகாஷ். அவனும் இன்னொரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தான், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடன் முடியட்டும் என்று அதையும் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள். நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு வாய் கூடாது. இளநீரும் வாழைப்பழமும் கண்ணிலேயே காட்டக் கூடாது, நெஞ்சு நின்றுவிடும்.

தனகோடி ராட்சசி ஆனாள். குடத்தைச் சமையலறையில் வைத்துப் பூட்டினாள். குழாயை வெளியே வால்விலேயே மூடினாள். வேலைக்குப் போகும்போது ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். பஞ்சாட்சரம் நாக்கு வறண்டு பக்கத்து வீட்டு ஜோதியிடம் கெஞ்சுவான், ஜோதி மனசு கேட்காமல் ஒரு சொம்பு கொண்டுவருவாள், தனகோடி சாயங்காலம் வந்து அவளிடம் சண்டைக்கு நிற்பாள். ஒருநாள் அவன் கால் கழுவ வைத்திருந்த வாளியில் முகத்தை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். தனகோடி தலைமயிரைப் பிடித்துத் தூக்கினாள். "பாவி, பச்சைத் தண்ணிக்குக் கூடவா காவல்," என்று தெருவே அவளைத் தூற்றியது. அந்த ராட்சசித்தனத்தில்தான் அவன் உயிரோடு இருந்தான்.

லீவு ஏற ஏறச் சம்பளம் குறைந்தது, தவணை இரண்டு மாதம் நின்றது. கடன் கம்பெனியிலிருந்து டேனியல் வந்தான். திமிரிக்காரன், சின்ன வயது, வண்டியை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்துத்தான் உள்ளே வருவான். வண்டிப் பெட்டிக்குள் பெயிண்ட் டப்பாவும் எழுத்து வெட்டிய தகரமும் இருந்தன, அதைக் காட்டவும் செய்தான்.

"என்னை எழுத வெக்காதீங்கக்கா," என்றான். பிறகு எல்லா வீட்டிலும் ஒப்பிப்பதையே இங்கேயும் ஒப்பித்தான். "சும்மா ஒண்ணும் பணம் வாங்கல எங்க கம்பெனி. லோனுக்கு இன்சூரன்ஸ் இருக்குது. கடவுள் புண்ணியத்துல எதுவும் ஆகக் கூடாது, ஆனா வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா, அன்னியோட மொத்த லோனும் குளோஸ். ஒரு பைசா கேக்க மாட்டோம். பத்திரத்தக் கையில குடுத்துடுவோம்."

உள்ளே கட்டிலில் பஞ்சாட்சரம் இருமினான். டேனியல் தவணைக்கு ஒரு தேதி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாப்பிடும்போது அம்மாவும் மகனும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஆளு சொன்னத கேட்டியாம்மா?" என்றான் சூரியபிரகாஷ்.

"கேட்டேன்."

"சும்மாத்தான் கேட்டேன்."

அவ்வளவுதான் பேசினார்கள். தனகோடிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆசை ஜாஸ்தியாக இருந்தது. கடன் இல்லாத ஒரு காலையை, பஸ் ஹாரன் அடிக்க அடிக்க எழுந்திருக்காமல் படுத்திருக்கிற ஒரு காலையை, அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். பார்த்ததை அப்புறம் எப்படிப் பார்க்காததாக ஆக்குவது?

மறுநாள் அவள் குடத்தைக் கொண்டுவந்து புருஷனின் தலைமாட்டில் வைத்தாள். மேலே ஒரு சொம்பும் வைத்தாள்.

பஞ்சாட்சரம் குடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "பூட்டலியா?" என்றான்.

"எத்தினி நாளுக்குத்தான் பூட்றது. குடி."

அவன் குடித்தான். மூச்சு விடாமல், தொண்டை ஏறி இறங்க, சட்டையெல்லாம் நனைய நனையக் குடித்தான். குடித்து முடித்து, "மகராசி," என்றான். அவனுக்குப் புரிந்து சொன்னானா, தாகம் தீர்ந்த சந்தோஷத்தில் சொன்னானா, இன்றுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் முயற்சி செய்யவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே அன்புதான். என்ன கேட்டாலும் கொடுத்தாள். ஊறுகாய் கேட்டான், கொடுத்தாள். கருவாடு கேட்டான், வறுத்துக் கொடுத்தாள். சூரியபிரகாஷ் வேலை விட்டு வரும்போது ஹைவே ஓரம் இளநீர் வாங்கி வந்தான், தானே ஸ்ட்ரா போட்டு அப்பாவின் வாயில் வைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தபோது, "இந்த வாரம் லீவு கெடைக்கலய்யா," என்றாள் தனகோடி. "வுடு, அந்த ஊசி பெரிய இம்சை," என்று பஞ்சாட்சரம் நிம்மதியாகத் திரும்பிப் படுத்தான். அடுத்த வாரமும் லீவு கிடைக்கவில்லை. ஜோதி எட்டிப் பார்த்து, "இப்பத்தான்டி நீ பொண்டாட்டி மாதிரி இருக்க," என்று மெச்சினாள். கட்டிய நாளாகத் தனகோடிக்குக் கிடைத்த முதல் நல்ல பேர் அது.

கால் வீங்கியது. முகம் வீங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பஞ்சாட்சரத்துக்கு நெஞ்சு நின்றது. பாட்டு முடிகிற வரைக்கும் அவர்களுக்குத் தெரியாது.

அவன் சொன்னபடியே ஹாலில் கிடந்தான். டைல்ஸ் தரையில், ஃபேனுக்கு நேர் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள், மாலையோடு. யார் கேட்டிலும் நிற்கவில்லை. பெண்கள் இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு முழு ஒப்பாரி வைத்தார்கள். பழைய வீட்டுக்காரர் சாமிநாதன்கூட ஒரு மாலையோடு வந்து, "குடுத்து வச்சவன், சொந்த வூட்ல போய்ட்டான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனகோடி பொய்யாக அழவில்லை. இருபத்தைந்து வருஷம் கூடப் படுத்தவன், குடித்துவிட்டு வந்தாலும் கை நீட்டாதவன், தோல் வாடையோடு வந்து அவள் தட்டிலேயே சாப்பிட்டவன். குரல் உடைந்துபோகிற வரைக்கும் அழுதாள். அழுகைக்கு நடுவே, இனித் தவணை இல்லை என்ற நினைப்பும் வந்து வந்து போனது. வந்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் உரக்க அழுதாள்.

காரியம் முடிந்து அவள் வேலைக்குப் போனபோது சதீஷ்குமார் மிஷின் பக்கத்திலேயே நின்றான்.

"இன்னாக்கா, ஒரு புருஷன பொதைக்க இத்தினி நாளா? இங்க டார்கெட்ட உங்க வூட்டு பேயா பண்ணும்?"

தனகோடி மிஷினை விட்டு எழுந்தாள். நேராகப் போய் இன்னொருத்தி கழுத்திலிருந்த சிவப்பு அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டாள். பாத்ரூமில் போய் உட்கார்ந்தாள். கால் மரத்துப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை. கடைசியில் வெளியே வந்தவள், அட்டையைக் கழற்றி, லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பசை டப்பாவுக்குள் போட்டு பசை தடவுகிற பிரஷ்ஷால் நன்றாக அமுக்கிவிட்டாள்.

"இன்னாக்கா பண்றீங்க? வேல வேணுமா வேணாமா?"

"வேணான்டா. உங்கம்மாவ வந்து உக்காந்து தெச்சிட்டு, ஒண்ணுக்குப் போக உங்கிட்ட அட்டை கேக்கச் சொல்லு. அப்பத் தெரியும் உனக்கு."

ஆபீஸில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷத்தை எந்தக் கல்யாணத்திலும் அவள் பட்டதில்லை. குர்ஷித் போன் போட்டு, "வா, இங்க சேத்துவுடறேன்," என்றாள். "எங்கியும் வரல, வூட்ல படுக்கப் போறேன்," என்றாள் தனகோடி. படுத்தாள். காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, நின்று, போனது. அவள் கட்டிலில் புரண்டு கால் மேல் கால் போட்டுக்கொண்டாள். எழுந்து சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். குடிக்கும்போது பஞ்சாட்சரத்தின் தொண்டை ஏறி இறங்கியது ஞாபகம் வந்தது. ஆனாலும் சொம்பைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தாள்.

டேனியல் வந்தபோது அவளே காபி போட்டுக் கொடுத்தாள். அவன் கேட்பதற்கு முன்னாலேயே பிளாஸ்டிக் கவரில் பத்திரப்படுத்தியிருந்த இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். சூரியபிரகாஷ் கதவில் சாய்ந்து நின்றான்.

டேனியல் வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "அக்கா, கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தம். இது எதுக்குக்கா எங்கிட்ட?"

"எதுக்குன்னா? லோன் குளோஸ் பண்ணத்தான். நீதானப்பா சொன்ன, வீட்டுக்காரருக்கு ஒண்ணு ஆச்சின்னா..."

"ஆமா, வீட்டுக்காரருக்கு." டேனியல் காபியைக் கீழே வைத்தான். "வூடு யாரு பேர்லக்கா இருக்குது? உங்க பேர்ல. லோன் எடுத்தது நீங்க. இன்சூரன்சும் உங்க உசுரு மேலதான். நீங்கதானேக்கா வீட்டுக்காரரு?"

"எம் புருஷனத்தான் சொல்றேன்னு நான்..."

"அவர நான் எதுக்குக்கா சொல்லப் போறேன்? அவருக்கும் இந்த லோனுக்கும் இன்னா சம்பந்தம்?"

புருஷனுக்கும் வீட்டுச் சொந்தக்காரனுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போனவன் எவனோ, அவன் வீட்டில் பெண்டாட்டி பேரில் பத்திரம் இருந்திருக்காது. டேனியல் மேல் தப்பில்லை. அவன் சரியான தமிழில்தான் சொன்னான். தனகோடியும் சரியான தமிழில்தான் கேட்டாள். இடையில் ஒரு மனிதன் தண்ணீர் குடித்தே போய்விட்டான்.

தனகோடி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பூட்டியிருந்தால் இருந்திருப்பான். இன்னும் திட்டு வாங்கிக்கொண்டு, இன்னும் கெஞ்சிக்கொண்டு, இந்தக் கட்டிலில் இருந்திருப்பான். "ஐயோ, அவனை நானே ஊத்தி ஊத்தி..." என்று வாய் வரைக்கும் வந்ததை முந்தானையால் அடைத்துக்கொண்டாள். மகனாவது அப்பா என்று அலறுவான் என்று நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்தது, இரண்டு பேருமாகச் சேர்ந்து அழலாம் என்று காத்திருந்தாள்.

சூரியபிரகாஷ் டேனியலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த இன்சூரன்ஸ் எத்தினி வருசத்துக்கு சார் இருக்குது?" என்றான்.

"லோன் முடியற வரைக்கும் இருக்கும் தம்பி. இன்னும் பன்னெண்டு வருசம்."

"ஓ."

சூரியபிரகாஷ் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு அம்மா பக்கம் திரும்பினான். முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான், கையைப் பார்த்தான், மூச்சுக்கு ஏறி இறங்குகிற நெஞ்சைப் பார்த்தான், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தான்.

"எனுக்கு ஒரு வியாதியும் இல்லடா கண்ணு," என்றாள் தனகோடி. அவளை யாரும் கேட்கவில்லை. "சுகர்கூட இல்ல. இன்னா பண்றது."